பயணத்துக்கு எந்த கிரெடிட் கார்டு? கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

என் தம்பி போன வருடம் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய் வந்தான். ஹோட்டல், சாப்பாடு, முஸ்தஃபா கடையில் வாங்கிய சாமான் எல்லாம் சேர்த்து கார்டில் தேய்த்தது 1,50,000 ரூபாய். பில் வந்ததும் என்னிடம் கொண்டுவந்து காட்டினான். அந்நியச் செலாவணி மார்க்அப், அதாவது வெளிநாட்டுப் பணத்தை ரூபாயாக மாற்ற வங்கி பிடிக்கும் கூடுதல் கட்டணம், 3.5 சதவீதம். அது 5,250 ரூபாய். அதன் மேல் ஜிஎஸ்டி 945 ரூபாய். மொத்தம் 6,195. அவ்வளவு செலவுக்கும் வங்கி பரிசாகத் தந்த பாயின்ட்டின் மதிப்பு 1,500 ரூபாய்தான். கார்டின் முகப்பில் விமானப் படம் போட்டிருந்தது, டிராவல் கார்டு என்று சொல்லித்தான் அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒரே பயணத்தில் 4,695 ரூபாய் அவன் கையைவிட்டுப் போயிருந்தது.

அன்று இரவு இரண்டு பேரும் உட்கார்ந்து, அவனுக்கு உண்மையில் எந்த மாதிரி கார்டு பொருந்தும் என்று கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைத்தான் அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். இந்தியாவில் சம்பளமோ தொழில் வருமானமோ உள்ள ஒரு நடுத்தரக் குடும்பத்தை மனதில் வைத்து எழுதியது இது. எந்தக் கார்டு நல்ல கார்டு என்ற பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். உங்கள் செலவுக்கு எது நல்ல கார்டு என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம், அதற்கு ஒரு பேப்பரும் பேனாவும் போதும்.

முதல் படி: முழு பில்லையும் கட்ட முடியுமா?

இதற்கு ‘முடியும்’ என்று உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம், கடனை அடைக்கும் வேலையை முதலில் பாருங்கள் என்று உரிமையோடு சொல்வேன். இங்கே பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5 முதல் 3.75 சதவீதம். வருடக் கணக்கில் 42 முதல் 45 சதவீதம். 40,000 ரூபாய் பாக்கி வைத்தால், ஒரு மாத வட்டி 1,500, அதன் மேல் ஜிஎஸ்டி 270, ஆக 1,770 ரூபாய். நல்ல டிராவல் கார்டுகூட அதே 40,000 செலவுக்குத் தருவது 400 முதல் 800 ரூபாய் மதிப்புள்ள பாயின்ட்தான்.

பில்லில் ‘மினிமம் டியூ’ என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணத்திலிருந்து தப்பிக்கலாம், வட்டியிலிருந்து தப்பிக்க முடியாது. அதோடு, பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். பலருக்கு இது தெரிவதில்லை.

இரண்டாம் படி: கடந்த 12 மாதச் செலவை எழுதுங்கள்

வங்கி ஸ்டேட்மென்ட்டையும் யுபிஐ செயலியில் உள்ள பழைய கணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தை மட்டும் பார்த்து 12-ஆல் பெருக்க வேண்டாம். தீபாவளி, ஸ்கூல் ஃபீஸ், கல்யாண மொய், கார் இன்சூரன்ஸ் எல்லாம் வருடத்துக்கு ஒரு முறை வருபவை.

தம்பியின் வருடச் செலவு 7,20,000 ரூபாய் வந்தது. ‘ஏழு லட்சத்துக்கு எவ்வளவு பாயின்ட் வரும்!’ என்று சந்தோஷப்பட்டான். அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கழித்தோம். வீட்டு வாடகை 1,80,000. ஸ்கூல் ஃபீஸ் 90,000, அதை அந்தப் பள்ளி வங்கிக் கணக்கில்தான் வாங்குகிறது. நகைச் சீட்டு 60,000. பெட்ரோல் 50,000. இன்சூரன்ஸ் 40,000. இந்த 4,20,000 ரூபாயும் கணக்கில் வராது. வாடகை, எரிபொருள், வாலட்டில் பணம் ஏற்றுவது, அரசுக்குக் கட்டும் வரி, தங்கம், இஎம்ஐ ஆகியவற்றுக்குப் பல கார்டுகள் பாயின்ட் தருவதில்லை. இன்சூரன்ஸ், மின்சாரம், தண்ணீர் பில்களுக்குச் சில கார்டுகள் தரும், ஆனால் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்திருக்கும். வாடகையைச் செயலி வழியாகக் கார்டில் கட்டினால் பாயின்ட் இல்லாததோடு, கட்டணமும் பிடிப்பார்கள்.

மீதி 3,00,000. அதில் மளிகை, காய்கறி, டீக்கடை, ஆட்டோ என்று யுபிஐயில் போனது 1,00,000. ஆக, கார்டில் பாயின்ட் வாங்கித் தரக்கூடிய செலவு 2,00,000 ரூபாய்தான். அவனுக்கான கார்டை இந்த இரண்டு லட்சத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏழு லட்சத்தை வைத்து அல்ல. கார்டு விற்கிறவர் போடும் கணக்கு எப்போதும் அந்த ஏழு லட்சத்துக்கானதாகவே இருக்கும்.

யுபிஐ செலவில் ஒரு பகுதியை மீட்க வழி இருக்கிறது. ரூபே (விசா, மாஸ்டர்கார்டு போன்ற இந்தியக் கார்டு வகை) கிரெடிட் கார்டை யுபிஐ செயலியில் இணைத்து, கடையின் க்யூஆரை ஸ்கேன் செய்து கட்டலாம். ரிசர்வ் வங்கி 2022-ல் இதற்கு வழிவிட்டது. வியாபாரக் கணக்குள்ள கடைகளுக்குத்தான் இப்படிக் கட்ட முடியும், தனிநபருக்கு அனுப்ப முடியாது. இதற்குத் தரும் பாயின்ட் சாதாரண ஸ்வைப்பைவிடக் குறைவாக இருக்கலாம், விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எங்கே போகப் போகிறீர்கள்?

அடுத்த இரண்டு வருடத்தில் போகக்கூடிய பயணங்களை எழுதுங்கள். ஆசைப் பட்டியல் வேண்டாம், லீவும் பணமும் இடம்கொடுக்கிற பயணங்கள் மட்டும். வருடம் ஒரு முறை டெல்லியோ மும்பையோ போகிறவருக்கு ஒரு கார்டு, பிள்ளையைப் பார்க்க சிங்கப்பூர் போகிறவருக்கு வேறு கார்டு. ஊருக்கும் வேலைக்கும் இடையே ரயிலிலேயே போய் வருகிறவருக்கு விமான மைல்ஸால், அதாவது டிக்கெட் எடுக்க உதவும் விமான நிறுவனப் பாயின்ட்டால், ஒரு பயனும் இல்லை. அவருக்கு ஐஆர்சிடிசியும் எஸ்பிஐ கார்டும் சேர்ந்து தரும் ரயில் கார்டு போன்றவைதான் பொருந்தும். ஏசி வகுப்பு டிக்கெட்டை ஐஆர்சிடிசி தளத்தில் எடுத்தால் பாயின்ட் கிடைக்கும், அந்தப் பாயின்ட்டில் மறுபடியும் டிக்கெட் எடுக்கலாம். விமானத்தைவிட ரயிலில் அதிகம் போகிற குடும்பங்கள் நம் ஊரில் எத்தனையோ! இந்த வகைக் கார்டை அவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

நான்காம் படி: எந்த வகை?

சந்தையில் பெயர்கள் நூறு இருந்தாலும் வகைகள் நான்குதான்.

ஒரு விமான நிறுவனத்தின் பெயரோடு வரும் கார்டு முதல் வகை. செலவு செய்தால் அந்த நிறுவனத்தின் மைல்ஸ் நேராகச் சேரும். எப்போதும் ஒரே நிறுவனத்தில் பறப்பவருக்கு இது எளிது. ஆனால் எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கிற ஆபத்து இதில் உண்டு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் கடைசியாகப் பறந்தது. விஸ்தாரா 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவோடு இணைந்தது. விஸ்தாராவில் சேர்த்த பாயின்ட் அழியவில்லை, ஏர் இந்தியாவின் திட்டத்துக்கு மாறியது. ஆனால் இலவச விஸ்தாரா டிக்கெட்டுக்காகவே ஆக்சிஸ், எஸ்பிஐ, ஐடிஎஃப்சி வங்கிகளின் கார்டுகளை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு, எந்த நோக்கத்துக்காக வாங்கினார்களோ அதுவே இல்லாமல் போய்விட்டது.

இரண்டாவது, வங்கியின் சொந்தப் பாயின்ட்டைப் பல விமான, ஹோட்டல் திட்டங்களுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள கார்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர், பிரிட்டிஷ் ஏர்வேஸும் கத்தார் ஏர்வேஸும் பயன்படுத்தும் ஏவியோஸ், ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப் என்று போகும் அந்தப் பட்டியல். நன்றாகப் பயன்படுத்தினால் அதிக மதிப்பு கிடைப்பது இதில்தான். நேரமும் பொறுமையும் அதிகம் கேட்பதும் இதுதான்.

மூன்றாவது, வங்கியின் சொந்தத் தளத்தில் டிக்கெட், ஹோட்டல் எடுக்கும்போது பாயின்ட்டைப் பணமாகக் கழித்துக்கொள்ளும் கார்டு. எச்டிஎஃப்சியின் ஸ்மார்ட்பை, ஆக்சிஸின் டிராவல் எட்ஜ் போன்றவை இந்தத் தளங்கள். எடுப்பதற்கு முன் அதே விமானத்தின் விலையை விமான நிறுவனத்தின் தளத்திலும் பாருங்கள். வங்கித் தளத்தில் 600 ரூபாய் கூட இருந்தால், அதைப் பாயின்ட்டிலிருந்து கழித்துத்தான் லாபத்தைச் சொல்ல வேண்டும்.

நான்காவது, வெளிநாட்டுச் செலவுக்கு மார்க்அப் வாங்காத கார்டு. ஃபெடரல் வங்கியோடு சேர்ந்து வரும் ஸ்கேப்பியா இதற்கு ஓர் உதாரணம். பாயின்ட் பெரிதாக இருக்காது. தம்பியின் 6,195 ரூபாயை மிச்சம் பிடித்திருக்கக்கூடியது இந்த வகைதான்.

ஐந்தாம் படி: ஒரு பாயின்ட் எத்தனை பைசா?

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ‘150 ரூபாய்க்கு 4 பாயின்ட்’ என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பாயின்ட்டின் விலை தெரிந்தால்தான் கணக்கு. ஒரே பாயின்ட்டுக்கு விமான டிக்கெட்டில் 50 பைசாவும், கிஃப்ட் வவுச்சரில் 35 பைசாவும், பில்லில் கழித்தால் 20 பைசாவும் தரும் கார்டு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிக்கெட் எடுத்தால் 150 ரூபாய்க்கு 2 ரூபாய், அதாவது 1.33 சதவீதம். பில்லில் கழித்தால் 80 பைசா, அதாவது அரை சதவீதத்துக்குச் சற்று மேல். கார்டு ஒன்றுதான், ஆனால் பாதிக்கு மேல் வித்தியாசம். பயணம் போகவே போகாதவர் டிராவல் கார்டு வாங்கினால் அவர் கைக்கு வருவது அந்த அரை சதவீதம்தான்.

இன்னொன்று: 150 ரூபாய்க்கு ஒரு முறை என்றால் 149 ரூபாய்க்குப் பாயின்ட் இல்லை, 299 ரூபாய்க்கு ஒரு பங்குதான். சின்னச் சின்ன பில் அதிகம் போடுகிறவருக்கு இதில் நிறைய கழிந்துவிடும்.

மைல்ஸின் விலையைக் கண்டுபிடிக்க வேறு கணக்கு. டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, மைல்ஸில் எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரியைக் கழியுங்கள். மீதியை மைல்ஸ் எண்ணிக்கையால் வகுங்கள். டிக்கெட் 14,000 ரூபாய், வரி 4,000, தேவைப்படும் மைல்ஸ் 12,500 என்றால், 10,000-ஐ 12,500-ஆல் வகுக்க ஒரு மைலுக்கு 80 பைசா. நல்ல விலைதான்.

ஆனால் இங்கே நேர்மையாக ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். மைல்ஸ் இல்லாவிட்டால் அந்த 14,000 ரூபாய் டிக்கெட்டையா எடுத்திருப்பீர்கள்? அதே நாளில் குறைந்த கட்டண விமானமான இண்டிகோவிலோ ஸ்கூட்டிலோ 9,000 ரூபாய்க்குப் போயிருப்பீர்கள் என்றால், உங்களுக்கு மிச்சமானது 9,000-இல் 4,000 போக 5,000 தான். ஒரு மைல் 40 பைசாவாக இறங்கிவிடுகிறது. பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டை வைத்து ஒரு மைல் 3 ரூபாய் என்று சொல்லும் கணக்குகளைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியை ஞாபகத்தில் வையுங்கள். நீங்கள் ஒருபோதும் காசு கொடுத்து வாங்காத இருக்கைக்கு, அதன் முழு விலையை உங்கள் சேமிப்பாக எழுத முடியாது.

பாயின்ட்டை மைல்ஸாக மாற்றினால் திரும்ப மாற்ற முடியாது. முதலில் விமான நிறுவனத்தின் தளத்தில் உங்கள் தேதிக்கு மைல்ஸ் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மாற்றுங்கள். பள்ளி விடுமுறை, பொங்கல், கிறிஸ்துமஸ் சமயங்களில் நான்கு பேர் குடும்பத்துக்கு இருக்கை கிடைப்பது கடினம். காலாவதியும் உண்டு. கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ் மூன்று வருடத்தில் காலாவதியாகும்.

ஆறாம் படி: வருடக் கட்டணம்

5,000 ரூபாய் கட்டணம் என்றால் ஜிஎஸ்டியோடு 5,900. தம்பியின் 2,00,000 ரூபாய் செலவுக்கு 1.33 சதவீதத்தில் கிடைப்பது சுமார் 2,660. பாதிகூட வரவில்லை. ‘வருடம் நாலரை லட்சம் செலவு செய்தால் கட்டிய கட்டணம் பாயின்ட்டிலேயே திரும்ப வந்துவிடும்’ என்று சொல்வார்கள். அதுவும் சரியான ஒப்பீடு இல்லை. கட்டணமே இல்லாமல் 1 சதவீதம் தரும் கார்டு உங்களுக்குக் கிடைக்கும் என்றால், இந்தக் கார்டு கூடுதலாகத் தருவது 0.33 சதவீதம்தான். அந்தக் கூடுதலில் 5,900-ஐ எடுக்க வருடம் சுமார் 17,70,000 ரூபாய் செலவு செய்ய வேண்டும்!

சேரும்போது தரும் வவுச்சரும் போனஸ் பாயின்ட்டும் இந்தக் கணக்கை மாற்றக்கூடும். அவற்றுக்கு நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகிற மதிப்பைப் போடுங்கள். முதல் வருடத்துக்கு ஒரு கணக்கு, போனஸ் இல்லாத இரண்டாம் வருடத்துக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக எழுதுங்கள். ‘இன்னும் 30,000 செலவு செய்தால் 2,000 ரூபாய் வவுச்சர்’ என்ற இலக்குக்காகத் தேவையில்லாத பொருளை வாங்காதீர்கள்.

ஏழாம் படி: வெளிநாட்டில் தேய்க்கும்போது

மார்க்அப் 3.5 சதவீதம் என்றால் ஜிஎஸ்டியோடு 4.13. 2 சதவீதம் என்றால் 2.36. 2 சதவீத பாயின்ட் தரும் கார்டாக இருந்தாலும் 3.5 சதவீத மார்க்அப் இருந்தால், ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 2.13 ரூபாய் நஷ்டம். வெளிநாட்டில் பாயின்ட்டைவிட மார்க்அப்தான் முக்கியம்.

கடையில் கார்டைக் கொடுத்ததும் மெஷினில் ‘இந்திய ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா’ என்று கேட்கும். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் வைக்கும் மோசமான மாற்று விலைதான் உங்களுக்கு. அதன் மேல் பல இந்திய வங்கிகள் தனியாகக் கட்டணமும் பிடிக்கும். வெளிநாட்டில் பதிவான இணையதளம் ரூபாயில் விலை காட்டினாலும் இந்தக் கட்டணம் விழலாம்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுக்காதீர்கள். கட்டணமும் உண்டு, எடுத்த நிமிடத்திலிருந்து வட்டியும் உண்டு. கைச்செலவுக்கு, முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டோ கொஞ்சம் ரொக்கமோ வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முன், வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்யுங்கள். 2020 அக்டோபர் 1 முதல் புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே இயங்கும் நிலையில் வருகின்றன. நாமாகத்தான் திறந்துவிட வேண்டும். ஊர் திரும்பியதும் ஆஃப் செய்துவிடுங்கள், பல வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி கேட்காமலேயே பணம் போய்விடும்.

எட்டாம் படி: லவுஞ்ச்

விமான நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிட, ஓய்வெடுக்க உள்ள தனி அறைதான் லவுஞ்ச். இதில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. அம்மாவையும் அப்பாவையும் முதல் முறை விமானத்தில் கூட்டிப்போனபோது, ‘உள்ளே லவுஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம், வீட்டில் சாப்பிட வேண்டாம்’ என்று சொல்லி அழைத்துப்போயிருந்தேன். வாசலில் என் கார்டு செல்லாது என்றார்கள். முந்தைய மூன்று மாதத்தில் குறிப்பிட்ட தொகை செலவு செய்திருந்தால்தான் அனுமதி என்று வங்கி விதியை மாற்றியிருந்தது. மின்னஞ்சல் வந்திருந்தது, நான் படிக்கவில்லை. அம்மா ‘பரவாயில்லடா, இட்லி வாங்கிக்கலாம்’ என்றார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அதனால் மூன்றைப் பாருங்கள். வருடத்துக்கு எத்தனை முறை என்பதோடு, மூன்று மாதத்துக்கு எத்தனை முறை என்றும் பாருங்கள். செலவு நிபந்தனை உண்டா என்று பாருங்கள். உங்களோடு வருகிறவருக்கும் உண்டா, குடும்பத்தாருக்கு வாங்கும் ஆட்-ஆன் கார்டுக்குத் தனி அனுமதி உண்டா என்று பாருங்கள். வருடம் இரண்டு முறை பறக்கிறவர் லவுஞ்சுக்காக மட்டும் 5,900 ரூபாய் கட்டுவது கட்டுப்படியாகாது.

ஒன்பதாம் படி: விண்ணப்பம்

கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் ஸ்கோர் 750-க்கு மேல் இருந்தால் வாய்ப்பு நன்றாக இருக்கும். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் சிபில் அறிக்கையில் பதிவாகும், எனவே ஒரே மாதத்தில் நாலு வங்கியில் போடாதீர்கள். கடன் வரலாறே இல்லாதவர்கள் எஃப்டியை அடமானமாக வைத்து வாங்கும் கார்டில் தொடங்கலாம். அந்த வகையிலும் மார்க்அப் இல்லாத கார்டுகள் உண்டு.

கையெழுத்துப் போடும் முன் ‘முக்கிய விதிமுறைகள்’ என்ற ஆவணத்தை வங்கியின் தளத்திலிருந்து இறக்கிப் படியுங்கள். விளம்பரப் பக்கத்தில் இல்லாத விலக்குகள், உச்சவரம்பு, பாயின்ட் மாற்றுவதற்கான கட்டணம் எல்லாம் அங்கேதான் இருக்கும். விற்பனைக்கு ஃபோனில் பேசுகிறவர் சொல்லும் சலுகை எழுத்தில் இல்லை என்றால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்.

பத்தாம் படி: கார்டு வந்த பிறகு

முதல் வேலை, முழு பில் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஆட்டோ பே போடுவது. செயலி சில நேரம் மினிமம் டியூவைத் தானாகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும், அதை மாற்றுங்கள்.

பாயின்ட்டை வருடக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். ஆக்சிஸ் மேக்னஸ் கார்டில் மாதம் ஒரு லட்சம் செலவு செய்தால் 25,000 போனஸ் பாயின்ட் கிடைத்துக்கொண்டிருந்தது. 2023 செப்டம்பர் 1-ல் அது நின்றது. 5 பாயின்ட்டுக்கு 4 மைல்ஸ் என்றிருந்தது 2 மைல்ஸ் ஆனது. வருடக் கட்டணம் 10,000-லிருந்து 12,500-க்கு ஏறியது. அதற்கு முன் பயன்படுத்தியவர்களுக்கு முழு மதிப்பு கிடைத்தது. காத்திருந்தவர்களின் பாயின்ட் பாதி மதிப்பாகிவிட்டது. ஒரு டிக்கெட்டுக்குப் போதுமான அளவு சேர்ந்தவுடன் டிக்கெட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுங்கள்.

தம்பிக்குக் கடைசியில் நாங்கள் முடிவு செய்தது இரண்டு கார்டு. இரண்டுக்கும் வருடக் கட்டணம் இல்லை. வெளிநாட்டுக்கு மார்க்அப் இல்லாதது ஒன்று, உள்ளூர்க் கடைகளில் யுபிஐயில் தேய்க்க ரூபே ஒன்று. விமானப் படம் போட்ட பழைய கார்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். நீங்களும் அப்படிச் செய்வதாக இருந்தால், வருடக் கட்டணம் விழும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே ஃபோன் காலண்டரில் குறித்து வையுங்கள். முதலில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்களா என்று கேளுங்கள், சில வங்கிகள் செய்யும். செய்யாவிட்டால், மீதிப் பாயின்ட்டைப் பயன்படுத்திவிட்டு, பாக்கியைக் கட்டிவிட்டு, மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ரொம்பப் பழைய கார்டு என்றால் மூடுவதால் சிபில் ஸ்கோர் கொஞ்சம் இறங்கலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பாக்கி இல்லாத கார்டை மூட வங்கிக்கு ரிசர்வ் வங்கி கொடுத்திருக்கும் அவகாசம் 7 வேலை நாட்கள். அதைத் தாண்டினால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கோரிக்கை எண்ணையும் தேதியையும் பத்திரமாக வைத்திருங்கள்.